11.2 எப்படி 112 ஆனது: ஒரு கடலோர மருத்துவமனையின் நிகழ்வு ஆய்வு

கீழக்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, அறுபதை ஒட்டிய ஒருவரை அவர் மகள் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்தார். வலது பாதத்தில் சிப்பி கிழித்த காயம். பத்து நாளாகியும் ஆறவில்லை; ஓரம் கறுத்து நீர் வடிந்துகொண்டிருந்தது. "வாப்பா ராவுக்கு நாலு தடவை எந்திரிக்கிறாங்க டாக்டர். எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்க மாட்டேங்குது" என்றார் மகள். விரல்நுனியில் குத்திப் பார்த்தோம். சர்க்கரை 340ஐத் தாண்டியிருந்தது.

மூன்று மாதத்துக்கு முன்புதான் இதே மருத்துவமனையில் அவரைப் பார்த்திருந்தோம். கணினியைத் திறந்தால், அன்றைய தேதியில் 'வெறும் வயிற்றுச் சர்க்கரை 112' என்று இருந்தது. அந்த எண்ணை நம்பி, இருக்கிற மாத்திரையே போதும் என்று எழுதி அனுப்பியவன் நான்.

மகள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தந்தை வளைகுடாவில் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் முன் அங்கே எடுத்த பரிசோதனை. அதில் இருந்தது 112 இல்லை, 11.2. பக்கத்தில் சின்ன எழுத்தில் அலகு: லிட்டருக்கு மில்லிமோல். வளைகுடாவில் சில ஆய்வகங்கள் இப்படித் தருகின்றன, சில நம்மைப் போல டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தருகின்றன. குளுக்கோஸ் விஷயத்தில் மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் நம் கணக்கு வரும். 11.2 என்பது சுமார் 202. வெறும் வயிற்றில் 202 என்றால் நான் அன்றே மருந்தை மாற்றியிருப்பேன், பாதத்தையும் பார்த்திருப்பேன்.

பதிவுப் பக்கம் இருக்கும் சிஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார்: "டாக்டர், 11.2ன்னு அடிச்சா சிவப்புல தப்புன்னு வருது. புள்ளிய எடுத்தா ஏத்துக்குது. பிரிண்ட்ல புள்ளி தப்பா விழுந்திருக்கும்னு நெனச்சேன்." நாங்கள் அப்போது வைத்திருந்த மென்பொருளில் 'சுகர்' என்று ஒரே ஒரு கட்டம். 20க்கும் 600க்கும் இடைப்பட்ட முழு எண்ணை மட்டும் வாங்கும். அலகு கேட்காது, சாப்பிட்டா சாப்பிடாமலா என்றும் கேட்காது. 'வெறும் வயிறு' என்ற சொல்லைக்கூட அவர்தான் குறிப்புப் பகுதியில் தனியாகத் தட்டியிருந்தார். அந்த நேரத்தில் அவர் முன்னால் வரிசை வாசலைத் தாண்டி நின்றிருந்தது.

காயம் ஆறியது. பாதமும் விரல்களும் பிழைத்தன. அதற்கு ஆறு வாரம் பிடித்தது. ஆனால் அந்த ஆறு வாரத்தில் எங்கள் மருத்துவமனையில் எழுதுகிற வேலையே மாறத் தொடங்கியது. அந்த மாற்றத்தைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். நோயாளிகளின் அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இந்தக் கரையில் ஒரு நோயாளியின் தாள்கள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே நீளமானது, 230 கிலோமீட்டருக்கு மேல். பாக் நீரிணைப் பக்கம் எஸ்.பி.பட்டினம், தொண்டி, தேவிபட்டினம் என்று இறங்கி, மண்டபம், பாம்பன், ராமேசுவரம் சுற்றி, மன்னார் வளைகுடாப் பக்கம் பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று போகிறது. அறக்கட்டளை ஒன்று நடத்தும் எங்கள் சிறிய மருத்துவமனை இதற்கு நடுவில் இருக்கிறது.

இங்கே மக்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. காற்று மாறினால் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தொழிலுக்குப் போகிற குடும்பங்கள் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்துவிடுவாள். ஐந்து மாதம் வரை தொண்டியில் பார்த்தது, மீதி பாம்பனில். ஆண்கள் வளைகுடாவிலிருந்து வருவார்கள், போவார்கள். மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். கொஞ்சம் முடியாமல் போனால் எங்களிடம். இன்னும் முடியாவிட்டால் 2022இல் தொடங்கிய ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, அல்லது மதுரை. ஒவ்வோர் இடத்திலும் ஒரு சீட்டு, ஒரு நோட்டு, ஓர் எண். எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் மடிந்து கிடக்கும். உப்புக்காற்றில் பாதி எழுத்து கரைந்திருக்கும்.

ஏர்வாடியை இதில் தனியாகச் சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே மனநலக் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இன்றும் வெளியூர்களிலிருந்து, வெளி மாநிலங்களிலிருந்து மனநோயாளிகளை அங்குள்ள தர்காவுக்கு அழைத்து வருகிறார்கள். என்ன மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எதற்கு ஒவ்வாமை என்று சொல்ல அவர்களாலும் முடியாது, உடன் வந்தவருக்கும் தெரியாது. மருந்துச் சீட்டு ஆளோடு சேர்ந்து பயணிக்க வேண்டும் என்பதை நான் எந்தக் கருத்தரங்கிலும் கற்றுக்கொள்ளவில்லை. அப்படி வந்த ஓர் இளைஞரின் கைநடுக்கத்தைப் பார்த்து, அது நோயாலா மருந்தாலா என்று தெரியாமல் நின்ற ஓர் இரவில் கற்றுக்கொண்டேன்.

ஒரே அளவு, ஆறு இடம்

11.2 சம்பவத்துக்குப் பிறகு முதலில் செய்தது, ஓர் எண் எங்களிடம் எப்படி நடக்கிறது என்று பின்தொடர்ந்தது. ஒரு கர்ப்பிணியின் ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொண்டோம். சிஸ்டர் அளந்தவுடன் ஓ.பி. சீட்டில் எழுதுகிறார். அதையே தாய்-சேய் அட்டையில் எழுதுகிறார். பிறகு கர்ப்பிணிப் பதிவேட்டில். மதியத்துக்கு மேல் கணினியில். மாதக் கடைசியில் எக்ஸெலில். இவற்றோடு அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளமான 'பிக்மி'யிலும் ஏற்ற வேண்டும். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அந்தப் பதிவு எண் தேவை என்பதால் அதைத் தள்ளிப்போட முடியாது. ஆக ஒரே அளவு ஆறு இடத்தில், ஒரே கையால்.

ஒரு பெண்ணின் ஒரே நாள் அளவை ஆறு இடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சீட்டில் 146/94. பதிவேட்டில் 140/90. மாத எக்ஸெலில் 130/80. கர்ப்ப காலத்தில் 140/90 என்பது நாங்கள் நிமிர்ந்து உட்காருகிற எல்லை. அந்தப் பெண் எல்லையைத் தாண்டியிருக்கிறாள். மேலே போன அறிக்கையோ அவள் நலமாக இருப்பதாகச் சொல்கிறது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பதிவேட்டில் எழுதியவர் பூஜ்யத்துக்கு இறக்கி எழுதினார். எக்ஸெலில் மேல் வரிசை எண்ணைச் சுட்டியால் இழுத்தபோது கீழ்வரை நிரம்பிவிட்டது. இரவு எட்டு மணிக்கு, வீட்டுக்குப் போகும் கடைசிப் பேருந்து பற்றிய நினைப்போடு செய்த வேலை.

பதிவேடுகளைப் புரட்டினால், அழுத்த எண்கள் பெரும்பாலும் 0இல் முடிவது கண்ணில் பட்டது. பாதரசக் கருவியில் இரண்டு இரண்டாகத்தான் கோடு இருக்கும். மின்னணுக் கருவியில் ஒன்று ஒன்றாக எண் வரும். ஒழுங்காக அளந்து எழுதினால் 0இல் முடிவது மற்ற இலக்கங்களைவிட மிக அதிகமாக இருக்கக் கூடாது. கடைசி இலக்கத்தை வைத்துத் தரவின் தரத்தைப் பார்க்கும் இந்த முறை நோய்ப்பரவல் ஆய்வாளர்களுக்கு நெடுநாளாகத் தெரிந்தது. எங்கள் பதிவேட்டை நாங்களே அப்படிப் பார்த்தது அதுதான் முதல் முறை.

எழுத்து வேலை மருத்துவரைத் தின்பது இங்கு மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் 57 மருத்துவர்களைக் கூடவே இருந்து கவனித்து 2016இல் வந்த ஓர் ஆய்வு, நோயாளியோடு செலவழிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கணினியிலும் மேசை வேலையிலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போவதாகக் கண்டது. எங்கள் ஊரில் அந்தச் சுமை மருத்துவர் மேல் குறைவாகவும் செவிலியர் மேல் அதிகமாகவும் விழுகிறது என்பது என் அனுபவம். கணினித் திட்டம் என்று யார் பேசினாலும் மருத்துவரைத்தான் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். சிஸ்டர்களைக் கேட்டிருந்தால் அந்த முழு எண் கட்டம் ஒரு வாரத்தில் போயிருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று உறுதியானது. வேலைச்சுமையும் தரவின் தரமும் தனித்தனிப் பிரச்சினைகள் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒவ்வொரு மறுபிரதியிலும் சுமை கூடுகிறது. அதே மறுபிரதியில்தான் எண்ணும் கெடுகிறது. மறுபிரதியை எடுத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து போகும். ஆகவே எங்கள் இலக்கு ஒன்றே ஒன்று: அளந்த இடத்தில், அளந்தவர் கையால், ஒரு முறை.

தரநிலை என்றால் என்ன

மீன் ஏலக்கூடத்தில் ஒருவர் 'ஐம்பது' என்று மட்டும் கத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐம்பது கிலோவா, ஐம்பது பெட்டியா, கிலோ ஐம்பது ரூபாயா? என்ன மீன், எந்தப் படகு, இன்று வந்ததா நேற்று ஐஸில் கிடந்ததா? இவ்வளவும் சேர்ந்தால்தான் அந்த 'ஐம்பது'க்கு விலை. மருத்துவத்தில் நாம் வெறும் 'ஐம்பது'களைக் கத்திக்கொண்டிருக்கிறோம்.

கணினிகள் மருத்துவத் தகவலைப் பரிமாறிக்கொள்ள எஃப்.எச்.ஐ.ஆர். என்று ஒரு தரநிலை, அதாவது பொது விதி; 'ஃபயர்' என்று வாசிப்பார்கள். 1987இல் தொடங்கிய எச்.எல்.7 அமைப்பு வெளியிடுவது. ஓர் அளவை அனுப்பும்போது அதோடு எவையெல்லாம் சேர்ந்து போக வேண்டும் என்ற வடிவத்தை அது வகுக்கிறது: யாருடைய அளவு, எதை அளந்தது, எந்த நேரம், யார் அளந்தார், எண் எவ்வளவு, அலகு என்ன, இது முடிவான எண்ணா தற்காலிகமானதா. 'எதை அளந்தது' என்பதற்கு லாயின்க் என்ற குறியீட்டுத் தொகுப்பு. 1994இல் இண்டியானாபொலிஸின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனத்தில் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நோயின் பெயருக்கு ஸ்னோமெட் சி.டி.; 2014இல் இந்தியா அதில் உறுப்பு நாடானதால் இங்கே கட்டணம் இல்லை. புள்ளிவிவரக் கணக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி. இந்தியாவுக்கான மின்னணு மருத்துவப் பதிவேட்டுத் தரநிலைகள் 2013இல் வந்து 2016இல் திருத்தப்பட்டன. இந்தக் குறியீடுகளையெல்லாம் இந்தியச் சூழலுக்கு வகுத்துத் தருவது புனேயில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கில் இயங்கும் தேசிய மையம்.

எங்கள் 11.2க்கு இதில் என்ன பதில் என்று தேடினேன். லாயின்கில் ரத்தச் சீரம் அல்லது பிளாஸ்மா குளுக்கோஸுக்கு மில்லிகிராம் கணக்கில் 2345-7, மில்லிமோல் கணக்கில் 14749-6 என்று இரண்டு தனிக் குறியீடுகள் இருக்கின்றன. விரல்நுனி ரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 41653-7. விரல்நுனி ரத்தம், வெறும் வயிறு என்றால் 1556-0. கோட்டுக்குப் பின்னால் வரும் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முன்னால் இருக்கும் எண்ணில் ஒன்றைத் தப்பாகத் தட்டினால் அது பொருந்தாமல் போய்க் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் மருத்துவமனையில் நடந்த அதே தவறை எங்கோ யாரோ முன்பே செய்து, அதற்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது மனம் கொஞ்சம் ஆறியது. இவ்வளவு நாள் நாம் எட்டிப் பார்க்காமல் இருந்தோமே என்று வருத்தமாகவும் இருந்தது.

என்ன செய்தோம்

மென்பொருளை மாற்றினோம். எல்லோரும் திருத்திக்கொள்ளக்கூடிய திறந்தநிலை மென்பொருள் ஒன்றை, இந்த மாவட்டத்துப் பையன் ஒருவர், வெளியூரில் பொறியாளராக இருப்பவர், விடுமுறை நாட்களில் எங்களுக்கேற்ப அமைத்துக் கொடுத்தார். அவரிடம் நான் வைத்த நிபந்தனை, எந்தக் குறியீட்டு எண்ணும் சிஸ்டர் கண்ணில் படக் கூடாது என்பது. திரையில் 'சாப்பிடாமல்', 'சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து', 'நேரம் தெரியாது' என்று மூன்று பொத்தான்கள். அதற்குக் கீழே 'இங்கே அளந்தது', 'வெளியிலிருந்து கொண்டுவந்த தாள்' என்று இரண்டு. தாள் என்றால் அலகைக் கேட்கும். 11.2 மில்லிமோல் என்று தட்டினால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் 202 என்று காட்டும். மூல எண்ணை அழிக்காது. இது முக்கியம், மாற்றிய எண்ணை மட்டும் வைத்திருந்தால் பிறகு சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க எதுவும் இருக்காது.

எதையெல்லாம் குறியீட்டோடு பதிவது என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. பொறியாளர் எல்லாவற்றையும் சேர்க்க விரும்பினார். என்னுடன் வேலை செய்யும் மூத்த மருத்துவர் ஒரே வரியில் மறுத்தார்: "நோயாளி சொல்ற கதைய பொத்தானுக்குள்ள அடைக்க முடியாதுப்பா." அவர் சொன்னதே சரி. கடைசியில் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, ஹீமோகுளோபின், கடைசி மாதவிலக்குத் தேதி, ஒவ்வாமை, நோயின் பெயர், மருந்து ஆகியவற்றுக்கு மட்டும் குறியீடு. மற்றதெல்லாம் அவரவர் மொழியில், அவரவர் சொல்லில். இந்த அளவோடு நின்றதால்தான் திட்டம் உயிரோடு இருக்கிறது என்று நம்புகிறேன்.

கடைசி மாதவிலக்குத் தேதியைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. 05-08 என்று தாளில் எழுதிய தேதியை எக்ஸெல் ஒரு கணினியில் ஆகஸ்ட் 5 என்றும், அமெரிக்க அமைப்பில் இருந்த இன்னொரு கணினியில் மே 8 என்றும் வாசித்தது. ஒன்றில் பிரசவம் அடுத்த மே நடுவில், மற்றதில் பிப்ரவரி நடுவில். தாய்வீடு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு, பிரசவ தேதி தாண்டிவிட்டது என்று எங்கள் பட்டியல் காட்டியது. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்த சிஸ்டர், "இது ஏழு மாசம் கூட ஆகல டாக்டர்" என்று நிறுத்தினார். எஃப்.எச்.ஐ.ஆரில் தேதி எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசைதான். பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால் ஆண்டை மட்டும் தரவும் இடமிருக்கிறது. பழைய மென்பொருள் முழுத் தேதியைக் கட்டாயமாகக் கேட்டதால், எங்கள் நோயாளிகளில் வயதானவர்கள் கூட்டம் கூட்டமாக ஜனவரி 1ஆம் தேதி பிறந்திருந்தார்கள்.

பெயரிலும் இதே கதை. 'குடும்பப் பெயர்' என்ற கட்டம் கட்டாயம் என்றிருந்தது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு சிஸ்டர் தகப்பன் பெயரைப் போட்டார், இன்னொருவர் தலைப்பெழுத்தைப் போட்டார், மூன்றாமவர் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்தார். இந்தப் பக்கம் முனியசாமி என்று பெயர் வைக்காத தெரு குறைவு. அதை ஆங்கிலத்தில் எழுதும்போது நாலு விதம். ஒரே ஆள் மூன்று நோயாளியாகவும், மூன்று ஆள் ஒரே நோயாளியாகவும் ஆனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பெயரை முழுதாக ஒரே வரியில், தமிழிலேயே எழுதி வைக்கத் தரநிலை அனுமதிக்கிறது. அப்படியே செய்தோம்.

முதல் இரண்டு மாதம் நரகம். கணினியை நம்பத் தயங்கியதால் தாளிலும் எழுதினோம், கணினியிலும் எழுதினோம். சுமையைக் குறைக்க வந்த திட்டம் சுமையை இரட்டிப்பாக்கியது. ஒரு சிஸ்டர் அழுதேவிட்டார். மின்சாரம் போகும், கடற்கரைப் பக்கம் இணையம் காற்றோடு வந்து காற்றோடு போகும். அளவைக் கருவியிலேயே சேமித்துவைத்து, இணைப்பு வரும்போது தானாக அனுப்பும் ஏற்பாடு வந்த பிறகுதான் கர்ப்பிணிப் பதிவேட்டை மூடும் துணிச்சல் எனக்கு வந்தது. அதை மூடிய நாளைத்தான் நான் திட்டம் தொடங்கிய நாளாகக் கணக்கு வைத்திருக்கிறேன். ஒரு புதிய திரை வரும்போது ஒரு பழைய நோட்டு மூடப்படாவிட்டால், அந்தத் திரையைத் திறக்கவே கூடாது.

ஆபா எண்ணும் கடலுக்குப் போன கைபேசியும்

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க 'ஆபா' என்ற சுகாதாரக் கணக்கு எண். அதைப் பெறுவது அவரவர் விருப்பம். பதிவுகள் ஓரிடத்தில் குவிவதில்லை. உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். வேறொரு மருத்துவர் கேட்டால், நோயாளி ஒப்புக்கொண்ட பிறகு எஃப்.எச்.ஐ.ஆர். வடிவில் போய்ச் சேரும். தாய்வீடு வரும் பெண்ணுக்கும், ஏர்வாடிக்கு வரும் நோயாளிக்கும், வளைகுடா போய்த் திரும்புகிறவருக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. நானும் அந்த நம்பிக்கையோடுதான் இறங்கினேன்.

முதல் தடை ஓ.டி.பி. என்ற ஒருமுறைக் கடவுச்சொல். ஆதாரோடு இணைந்த கைபேசிக்குத்தான் அது வரும். கைபேசி கணவரிடம், கணவர் கடலில். விசைப்படகு கரை திரும்பும்போது ஓ.பி. முடிந்திருக்கும். சரி, கைரேகை வைக்கலாம் என்றால், கடல்பாசி எடுக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். பாறையும் பவளமும் கிழிக்காதிருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் மூழ்குகிறார்கள். அப்படியும் ரேகை தேய்ந்திருக்கிறது. இயந்திரம் நாலு முறை மறுத்தபோது ஒரு அம்மா சொன்னார்: "அது கடல்ல கரைஞ்சு போச்சுய்யா." கருவியைத் திருப்பி வைத்துவிட்டு, எங்கள் மருத்துவமனை எண்ணிலேயே அவரைப் பதிந்தோம். ஆபா இல்லை என்பதற்காக யாரையும் ஒரு நிமிடம்கூடக் காக்க வைக்கக் கூடாது என்று அன்று எழுதி ஒட்டிய தாள் இன்னும் பதிவு மேசையில் இருக்கிறது.

வழியைக் காட்டியவர் எங்கள் மருந்தாளுநர். அவர் மீனவக் குடும்பம். "தடைக்காலத்துல பண்ணுங்க டாக்டர்" என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் ஆணும் கைபேசியும் கரையில் இருக்கும். அதுவரை மருத்துவமனைப் பக்கமே வராத ஆண்கள் அப்போதுதான் அழுத்தம், சர்க்கரை பார்க்கவும் வருகிறார்கள். பதிவு முகாமை அந்தப் பருவத்துக்கு மாற்றினோம். நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு இந்தத் தடை இல்லை. அவர்களுக்கு மாலை நேரத்தில் கரைக்கே போனோம்.

இரண்டாவது தடையைத் தாண்டிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒப்புதல் கேட்கும் செய்தி கணவரின் கைபேசிக்குப் போகிறது என்றால், ஒப்புதல் தருவது யார்? கருக்கலைந்ததையோ, கருத்தடை ஊசி போட்டதையோ வீட்டில் சொல்லாத பெண்கள் என்னிடம் வருகிறார்கள். அந்த வருகை ஒரு பதிவாக அவர்கள் கணக்கில் இணைந்தால், கைபேசியைக் கையில் வைத்திருப்பவர் அதைப் பார்க்க முடியும். ஆகவே இணைப்பதற்கு முன், திரைச்சீலைக்குப் பின்னால், பெண்ணைத் தனியாக ஒரு கேள்வி கேட்கிறோம்: "இந்த போன் யாரு கையில இருக்கும்மா?" பதிலைப் பொறுத்து, அந்த ஒரு வருகையை இணைக்காமல் விடுகிறோம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி என்றிருக்கும் கடற்கரையில், இந்தக் கேள்வியை நேரில் கேட்க ஒரு சிஸ்டர் வேண்டும். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் மற்ற எழுத்து வேலையை அவர் கையிலிருந்து பிடுங்க நினைக்கிறேன்.

எண்ணிக்கை மோகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆய்வுக் கூட்டம் ஒன்றில் எங்களைக் கேட்ட முதல் கேள்வி, எத்தனை ஆபா போட்டீர்கள் என்பது. எத்தனை பழைய பதிவுகளைத் திறந்து பார்த்து மருத்துவம் செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப்படும் எண்தான் வளரும். எண் மட்டும் வளர்ந்து, அதற்குள் ஒரு மருந்துச் சீட்டுகூட இல்லாவிட்டால், நோயாளியின் பையில் இன்னும் ஓர் அட்டை கூடியதுதான் மிச்சம்.

இன்று எங்கே நிற்கிறோம்

ஒரே ஒரு மருத்துவமனையின் அனுபவத்துக்குச் சதவீதம் போட்டுப் பேசும் தகுதி கிடையாது, பார்த்ததைச் சொல்கிறேன். கர்ப்பிணியின் அழுத்தம் ஆறு இடத்திலிருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது: எங்கள் திரை, அவள் கையில் இருக்கும் தாய்-சேய் அட்டை, பிக்மி. அட்டையை நான் விட மாட்டேன். நள்ளிரவில் 108 வண்டியில் ஏறும்போது மின்சாரம் இல்லாமல் படிக்க முடிகிற ஒரே பதிவு அது. மாத அறிக்கையைக் கணினியே எண்ணித் தருகிறது. சிஸ்டர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். எக்ஸெலில் இழுக்கும் வேலை நின்றுவிட்டது. அழுத்த எண்களில் 3, 7, 9 எல்லாம் தென்பட ஆரம்பித்திருக்கின்றன.

தீராதவையும் உண்டு. அரசுத் தளங்களுக்கு எங்கள் கணினியிலிருந்து நேராக அனுப்ப எங்களுக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. பிக்மி ஒரு பக்கம், காசநோய்க்கான நிக்‌ஷய் ஒரு பக்கம், தொற்றுநோய் அறிவிப்புக்கு இன்னொரு தளம் என்று தனித்தனியே நுழைந்து தட்டுகிறோம். ஒரே காசநோயாளியின் பெயரை ஒரு சிஸ்டர் மூன்று இடத்தில் அடிக்கிறார். தரவை வாங்குகிறவர்கள் தங்கள் கதவையும் இதே தரநிலைக்குத் திறக்க வேண்டும். அதுவரை எங்களைப் போன்ற இடங்கள் பாதி வேலையைத்தான் குறைக்க முடியும். மருந்துப் பெயர்களிலும் தவறு நடந்தது. ஒரே கம்பெனிப் பெயரின் பின்னால் ஓரெழுத்து கூடினால் இரண்டு மருந்து சேர்ந்த மாத்திரையாகிவிடுகிறது. பட்டியலில் அதைத் தவறாகப் பொருத்தியிருந்தோம். அழுத்தத்துக்கு அம்லோடிபின் மட்டும் எழுதியவருக்குக் கூட்டு மாத்திரை என்று பதிவானது. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து மருந்தாளுநர் பிடித்தார். அன்றிலிருந்து புதிய மருந்து எதையும் அவர் கையெழுத்து இல்லாமல் பட்டியலில் சேர்ப்பதில்லை.

சிப்பி கிழித்த காயத்தோடு வந்தவர் போன மாதம் வந்திருந்தார். கத்தாரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன இடத்தில் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்திருக்கிறார். தாளை மேசையில் வைத்துவிட்டு அவரே விரலால் தொட்டுக் காட்டினார்: "சிஸ்டர், இது 8.1. பக்கத்துல எழுதியிருக்கறதையும் பாத்துக்கங்க." சிஸ்டர் சிவப்புப் பேனாவால் அந்தச் சின்ன எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டார், பொத்தானைத் தொட்டார், 8.1 என்று அடித்தார். திரையில் பக்கத்தில் 146 என்று வந்தது. அவர் செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.